உந்தம் படிக்க ஆய்வுகூடம் வேண்டும்: அதிபருக்கும் அபிவிருத்திக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்களுக்கும்,

தரம் 12 பௌதிகவியல் வகுப்பின் செய்முறைப் பாடவேளைகளை நிறுத்தி, அந்த நேரத்தைக் கடந்தகால வினாத்தாள் பயிற்சிக்கு ஒதுக்குவதாகப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தீர்கள். ஆய்வுகூட அறையில் இப்போது பரிசளிப்பு விழாவுக்கான கதிரைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு இரண்டு காரணங்கள் சொன்னீர்கள். உயர்தரத்தில் பௌதிகவியலுக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை என்பது ஒன்று. தேவையான பரிசோதனைகளை வீடியோவில் காட்டலாம் என்பது மற்றது. கூட்டத்தில் எழுந்து கேட்ட பெற்றோருக்கு, "எல்லாம் பிள்ளைகளின் பெறுபேற்றுக்காகத்தான்" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலோடு என்னால் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியன் அல்ல. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் அணையும்போது ஜெட்டியில் நின்று கயிறு வாங்கிக் கட்டுகிற பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். என் மகள் உங்கள் பாடசாலையில் தரம் 12 கணிதப் பிரிவில் படிக்கிறாள். அவள் கொப்பியில் எழுதும் உந்தமும், அந்த உந்தத்தை மாற்றும் கணத்தாக்கும் (விசையை அது வேலை செய்யும் நேரத்தால் பெருக்கி வருவது) என் வேலைத்தளத்தில் நாளாந்தம் நடப்பவை. அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஞாயிறு பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மகளின் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கூடிப் படிப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் வகுப்புகளுக்கு ஓடிவிட்டுக் களைத்துப்போய் வந்தாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். 160 கிராம் கிரிக்கெட் பந்து செக்கனுக்கு 36 மீற்றர் வேகத்தில் வருகிறது. துடுப்பில் பட்டு, வந்த வழியே செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் திரும்பிப் போகிறது. துடுப்பு அதற்குக் கொடுத்த கணத்தாக்கு எவ்வளவு?

சிலர் 36இலிருந்து 30ஐக் கழித்தார்கள். 6ஐ 0.16ஆல் பெருக்கி, 0.96 நியூற்றன் செக்கன் என்று எழுதினார்கள். மற்றவர்கள் சரியாகவே 66 என்று கூட்டி 10.56 எழுதினார்கள். சரியாக எழுதியவர்களிடம் ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டேன். "திரும்பி வந்தா கூட்டணும், அங்கிள். வகுப்பில அப்படித்தான் சொல்லித்தந்தாங்க" என்றான் ஒரு பையன். சரி, பந்து திரும்பி வராமல், வந்த திசைக்குச் செங்கோணத்தில் பக்கவாட்டாக அதே 30 மீற்றர் வேகத்தில் பறந்தால்? மேசையில் பேச்சில்லை. கூட்டுவதா கழிப்பதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் என் மகள், "அப்பா, சமன்பாடு எல்லாம் தெரியும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

இதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் வெறும் எண் அல்ல. அதற்குத் திசை உண்டு. ஒரே புள்ளியிலிருந்து வந்த உந்தத்தை ஓர் அம்பாகவும் போகும் உந்தத்தை இன்னோர் அம்பாகவும் வரைந்து, முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவதன் நுனிக்குக் கோடு இழுத்தால் அதுதான் மாற்றம். நேரெதிராகத் திரும்பினால் அந்தக் கோடு இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகை. செங்கோணத்தில் போனால் அது செங்கோண முக்கோணியின் செம்பக்கம். விடை ஏறத்தாழ 7.5 நியூற்றன் செக்கன். அம்பு வரையத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே கணக்கு. "திரும்பி வந்தால் கூட்டு" என்று மனனம் செய்த பிள்ளைக்கோ இரண்டாவது கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்ததாகத் தெரிகிறது.

இது பிள்ளைகளின் மந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரான்சின் தத்துவஞானி டெக்கார்ட் 1644இல் பிரபஞ்சத்தின் மொத்த இயக்கம் மாறாது என்று எழுதியபோது, அவரும் அளவை எடுத்துக்கொண்டு திசையை விட்டுவிட்டார். அவருடைய மோதல் விதிகளில் பல அதனால் பிழையாய்ப்போயின. டச்சு அறிஞர் ஹொய்கன்ஸ் போன்றோர் மோதல்களை ஊன்றி ஆராய்ந்து அதைத் திருத்த வேண்டியிருந்தது. 1687இல் நியூற்றன் தன் இரண்டாம் விதியை எழுதும்போது பேசியதும் ஆர்முடுகலைப் பற்றியல்ல. இயக்கத்தின் அளவில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றி, அது விசையின் திசையிலேயே நிகழும் என்பதைப் பற்றி. பேரறிஞர்களையே தடுமாறவைத்த இடத்தை ஒரு பாடவேளையில் கரும்பலகையில் எழுதி, மறு பாடவேளையில் பல்தேர்வு வினாவாகக் கொடுத்தால் பிள்ளை வேறென்ன செய்யும்? மனனம்தான் செய்யும்.

இன்னொன்றும் கேட்டேன். காலி வீதியில் நிற்கும் ஓட்டோ ஒன்றில் பஸ் வந்து மோதுகிறது. மோதும் கணத்தில் எதன்மேல் கூடிய விசை? எல்லாக் கைகளும் ஓட்டோவுக்கே உயர்ந்தன. நியூற்றனின் மூன்றாம் விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் அத்தனை பேரும். விசை இரண்டின்மேலும் ஒன்றே. மோதும் நேரமும் ஒன்றே. ஆகவே கணத்தாக்கும் அளவில் ஒன்றே, திசை மட்டும் எதிர். பஸ் 10 தொன், ஓட்டோ ஆட்களோடு 500 கிலோகிராம், பஸ்ஸின் வேகம் செக்கனுக்கு 14 மீற்றர், மோதியபின் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன என்று வைத்துப் பாருங்கள். பஸ்ஸின் வேகம் 14இலிருந்து ஏறத்தாழ 13.3க்குத்தான் இறங்குகிறது. ஓட்டோவோ பூச்சியத்திலிருந்து அதே 13.3க்கு ஒரு நொடிக்குள் தூக்கி எறியப்படுகிறது. பஸ்ஸில் இருப்பவருக்கு ஒரு குலுக்கல். ஓட்டோவில் இருப்பவருக்கு உயிர் தப்பினால் போதும். விசை சமன், அதன் விளைவுதான் சமனல்ல.

இதே கேள்வி, கனரக லொறியும் சிறிய காரும் மோதுவதாக, 1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டெனிஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட விசைக் கருத்துச் சோதனையில் இருக்கிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் அந்தச் சோதனையைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்து, கடினமான கணக்குகளைச் செய்யத் தெரிந்த அவர்கள் இந்த எளிய கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, தன் கற்பித்தல் முறையையே மாற்றிக்கொண்டார். கணக்குச் செய்ய வருவது வேறு, விளங்குவது வேறு என்பது கொட்டாஞ்சேனைத் தகப்பன் ஒருவனின் மனக்குறை மட்டும் அல்ல.

இனி என் வேலைத்தளத்துக்கு வருகிறேன். 400 மீற்றர் நீளமான கொள்கலன் கப்பல் தெற்குத் துறைமுகத்தில் ஜெட்டியை அணுகும்போது அது அசைவதே கண்ணுக்குத் தெரியாது. இழுவைப் படகுகள் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளும். கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலற்றின் குரல் றேடியோவில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெட்டி விளிம்புக்கும் கப்பலுக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீர் ஒடுங்கி ஒடுங்கிக் கறுப்பு நாடாவாகும். அதை வைத்துத்தான் கப்பல் வருகிறது என்று தெரிந்துகொள்வோம். பிறகு, கப்பல் இடிப்பதைத் தாங்க ஜெட்டி விளிம்பில் பொருத்தியிருக்கும் ஃபெண்டரின் ரப்பர் முனகும். அவ்வளவு பெரிய ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கப்பல் நின்று, திரும்ப ஒரு சாண் வெளியே போகும். புதிதாக வேலைக்கு வரும் பெடியன்கள் இந்த மெதுவைப் பார்த்து ஏமாந்து விளிம்புக்குக் கிட்டப் போவார்கள். அவர்களைச் சட்டையில் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறேன்.

அந்தக் கப்பலின் கணக்கைத்தான் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். திணிவு 2 இலட்சம் தொன் என்று கொள்ளுங்கள். அணையும் வேகம் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர். கப்பலோடு சேர்ந்து நகரும் நீரைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் உந்தம் 2 கோடி நியூற்றன் செக்கன். காலி வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றரில் ஓடும் அந்த 10 தொன் பஸ்ஸின் உந்தம் 1 இலட்சத்து 40 ஆயிரம். கப்பலின் உந்தம் அதைப்போல ஏறத்தாழ 140 மடங்கு. ஆனால் இயக்கசக்தியை, அதாவது திணிவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதில் பாதியை, போட்டுப் பாருங்கள்: கப்பலுக்கு 10 இலட்சம் யூல், பஸ்ஸுக்கு 9 இலட்சத்து 80 ஆயிரம் யூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

மகள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப எதை நிப்பாட்டுறது கஷ்டம்?" என்று கேட்டாள். இதுதான் நல்ல கேள்வி என்று சொல்லி, இரண்டையும் ஒரே விசையால், 50,000 நியூற்றனால், நிறுத்தச் சொன்னேன். அவளே போட்டாள். பஸ் 2.8 செக்கனில் நிற்கிறது. கப்பல் நிற்க 400 செக்கன், அதாவது 6 நிமிடம் 40 செக்கன். ஆனால் நிற்பதற்குள் போகும் தூரம் இரண்டுக்கும் ஏறத்தாழ 20 மீற்றர்தான். விசை எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால் உந்தம் பதில் சொல்கிறது. எவ்வளவு தூரம் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டால் சக்தி பதில் சொல்கிறது. இந்த இரண்டு கேள்விகளும் பிரிந்து தெரிந்த அந்தக் கணத்தில் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எந்த வினாத்தாள் பயிற்சியிலும் அதைக் கண்டதில்லை.

ஃபெண்டர் செய்வதும் இதே பாடம்தான். 2 கோடி நியூற்றன் செக்கன் உந்தத்தை எப்படியும் இல்லாமல் ஆக்கியே தீர வேண்டும். அதில் ஒரு துளியும் குறைக்க முடியாது. ரப்பர் அரை மீற்றர் அமுங்கி, அதற்கு 10 செக்கன் எடுத்துக்கொண்டால் சராசரி விசை 20 இலட்சம் நியூற்றன். அது பல ஃபெண்டர்களுக்குப் பிரிந்து போகும். ரப்பர் இறுகிப்போய் 5 சென்ரிமீற்றர் மட்டும் அமுங்கி ஒரு செக்கனில் நின்றால் விசை பத்து மடங்கு. கொங்கிறீற்று உடையும், கப்பல் தகடு நெளியும். கணத்தாக்கு மாறவில்லை, நேரம்தான் மாறியது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் உட்பஞ்சும் காரின் இருக்கைப் பட்டியும் செய்வது இதே வேலை. இந்த நகரத்து வீதிகளில் போய்வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் உடம்புக்காகவாவது இதை அறிந்திருக்க வேண்டும்.

நான் துறைமுகத்தில் இருப்பதால் மகளுக்குக் கப்பல் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கு? அவர்களுக்காகத்தான் ஆய்வுகூடம் இருக்கிறது.

முதல் தவணையில், கதவு பூட்டப்படுவதற்கு முன்பு, உங்கள் பௌதிகவியல் ஆசிரியை ஒரே ஒரு மோதல் பரிசோதனையைப் பிள்ளைகளின் கையாலேயே செய்வித்தார். அன்று கிடைத்த நாடா மகளின் கொப்பியில் ஒட்டியிருக்கிறது. சம திணிவுள்ள இரண்டு துரொல்லிகள், அதாவது சில்லு வைத்த சிறு வண்டிகள். ஒன்றின் முகத்தில் ஊசி, மற்றதில் தக்கை. மோதினால் குத்தி ஒட்டிக்கொள்ளும். முதல் துரொல்லியின் பின்னால் காகித நாடா. செக்கனுக்கு 50 புள்ளி குத்தும் கருவி அதில் தடம் பதிக்கிறது. முதல் முறை செய்தபோது மோதலுக்குப் பிறகு புள்ளிகள் சீராக இல்லை; கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டே போயின. உந்தம் காக்கப்படும் என்று புத்தகம் சொல்கிறது, நாடாவில் அது ஒழுகிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தர்க்கப்பட்டார்கள். பிறகு ஒருத்தி பலகையின் ஒரு முனைக்குக் கீழே மட்டைத் துண்டுகளை மடித்துச் செருகி, அந்தச் சரிவு உராய்வை ஈடுசெய்து துரொல்லி தானாக ஒரே சீராக ஓடும் மட்டும் உயர்த்தினாள். அடுத்த நாடாவில் மோதலுக்கு முன் புள்ளிகளுக்கிடையே 2 சென்ரிமீற்றர். பின்பு 1 சென்ரிமீற்றருக்கு மயிரிழை குறைவு. செக்கனுக்கு 1 மீற்றர் வேகம் அரை மீற்றராகியிருக்கிறது, திணிவு இருமடங்காகியிருக்கிறது, உந்தம் அப்படியே இருக்கிறது. கூடவே இயக்கசக்தியில் சரிபாதி போய்விட்டதையும் கண்டார்கள். தக்கையில் ஊசி இறங்கியதும் 'டக்' என்று கேட்ட ஓசையும் அதைத் தின்றிருந்தன.

வெளியிலிருந்து வரும் விளையுள் விசை (எல்லா விசைகளும் சேர்ந்தது) பூச்சியமாக இருந்தால் மட்டுமே மொத்த உந்தம் மாறாது. புத்தகத்தில் இது அரை வரி. அந்த அரை வரியைப் பிள்ளைகள் சாதாரணமாகத் தாண்டிப் போவார்கள். கெட்டுப்போன அந்த முதல் நாடாதான் அதை அவர்களுக்கு விளங்கவைத்தது. வீடியோவில் நாடா கெட்டுப்போவதில்லை. யாரோ ஏற்கெனவே பலகையைச் சரிசெய்து, நல்ல ஓட்டத்தைத் தெரிவுசெய்து பதிவு பண்ணியிருப்பார்கள். பார்க்கிற பிள்ளைக்குத் தர்க்கப்பட எதுவும் இல்லை. பரிசோதனைக்கு முன்னோ பின்னோ வீடியோ காட்டுங்கள், நல்லது. அதற்குப் பதிலாகக் காட்டாதீர்கள்.

பரீட்சையைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பெறுபேறு குறைந்தால் முதலில் கேள்வி கேட்பவர்கள் எங்களைப் போன்ற பெற்றோர்தான். ஆனால் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை என்பதால் செய்முறை அறிவு கேட்கப்படுவதில்லை என்றாகாது. அமைப்புக் கட்டுரை வினாக்களைத் திறந்து பாருங்கள்: எந்த உபகரணம், எந்த வாசிப்பு, எந்த வழு, எப்படித் திருத்துவது என்றுதானே கேட்கிறார்கள்? கையால் தொடாத பிள்ளை அங்கே கற்பனையில் விடை எழுதுகிறது. வசதியுள்ள பிள்ளை வெளியே பணம் கட்டிச் செய்முறை வகுப்புக்குப் போகும். எங்கள் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளில் நாட்கூலிக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பாடசாலையின் ஆய்வுகூடம் பூட்டினால் அவர்களுக்கு வேறு ஆய்வுகூடம் இல்லை. இந்தத் தீர்மானத்தில் என்னை ஆகக் கூடுதலாக வருத்துவது இதுதான்.

செலவு பெரிதென்றும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். துரொல்லிகள் இருக்கின்றன. பலகை இருக்கிறது. புள்ளி குத்தும் கருவி வேலை செய்கிறது. நாடாச் சுருளுக்கும் தக்கைக்கும் ஆகும் பணம் பரிசளிப்பு விழாவின் மேடை அலங்காரத்தில் ஒரு மூலைக்கும் காணாது. சில்லுகள் இறுகியிருந்தால் எண்ணெய் போட்டுத் தர, பெயரிங் மாற்றித் தர, பலகை சீவித் தர என்னோடு வேலை செய்யும் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே என் கோரிக்கைகளை நேராகவே வைக்கிறேன். கதிரைகளை வேறிடத்துக்கு மாற்றி, வருகிற திங்கட்கிழமை தொடங்கும் வாரத்திலேயே ஆய்வுகூடத்தைத் திறவுங்கள். தரம் 12இன் செய்முறைப் பாடவேளைகளை நேரசூசியில் பழையபடி சேருங்கள். வினாத்தாள் பயிற்சிக்கு நேரம் வேண்டுமென்றால் பாடசாலை முடிந்தபின் வையுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போக நாங்கள் வந்து காத்திருக்கிறோம். உந்தம், கணத்தாக்கு அலகை மோதல் பரிசோதனை இல்லாமல் முடிந்ததாகக் கணக்கெடுக்காதீர்கள். ஒட்டிக்கொள்ளும் மோதல், விலகிப்போகும் மோதல் இரண்டையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒருமுறையாவது செய்து, தன் நாடாவைத் தன் கொப்பியில் ஒட்ட வேண்டும். தவணைப் பரீட்சையில் எண்களே இல்லாமல், ஏன் என்று சொற்களாலும் அம்புகளாலும் விளக்க வேண்டிய ஒரு வினாவையாவது சேர்க்கும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். அதைத் திருத்தக் கூடிய நேரம் பிடிக்கும் என்பதால் அவருடைய மற்றப் பொறுப்புகளில் ஒன்றைக் குறையுங்கள். ஆய்வுகூட உதவியாளர் வெற்றிடத்தை நிரப்பக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பி, அதன் பிரதியைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்.

இந்தத் தீர்மானத்தை எடுத்த கூட்டத்தின் அறிக்கையையும் எங்களுக்குத் தாருங்கள். அடுத்த அபிவிருத்திக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தை முதலாவதாகச் சேர்த்து, அதில் பேசத் தரம் 12 பெற்றோர் இருவருக்கும் பௌதிகவியல் ஆசிரியைக்கும் இடம் தாருங்கள். பதிலை வட்ஸ்அப் குழுவில் ஒரு வரியாகப் போடாமல், கையொப்பமிட்ட கடிதமாகக் கூட்டத்துக்கு முன்பே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தரம் 12 மாணவி ஒருத்தியின் தகப்பன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு.